பங்கை விற்றவர் எதிர்க்கடை வைக்கலாமா?



"தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு" என்பது நம் முன்னோர் வாக்கு. கூட்டாக வணிகம் தொடங்குவோர் இதனைத் தொடக்க நாளில் நினைப்பதில்லை. பிரிகின்ற நாளில்தான் நினைக்கின்றனர். சேர்ந்து தொழில் செய்வது பற்றி அறிவுரை கூறுவோர் பலர் உளர். பிரிவது எவ்வாறு, பிரிந்தபின் ஒருவர்க்கொருவர் எவ்வாறு நடந்துகொள்வது என்பன பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. கடைத்தெருக்களில் உறவு முறிந்து நீதிமன்றப் படிக்கட்டு ஏறுவோரில் பலர் இப்பேச்சைப் பேசாமல் விட்டவர்களே என்பதால், இத்திங்கள் இப்பொருளையே எடுத்துக்கொள்வோம்.

கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். உறவினர் இருவர் கடைத்தெருவில் 15 ஆண்டுகளாகக் கூட்டாகப் பாத்திரக் கடை நடத்தி வருகின்றனர். மூத்தவர் கொள்முதலைக் கவனிப்பவர். இளையவர் கல்லாவில் அமர்ந்து, வருவோரிடம் முகமலர்ந்து பேசுபவர். மூத்தவரின் மனைவி இளையவருக்கு உடன்பிறந்தவர். இளையவர் தம் பங்கை விற்றுவிட்டு விலக விரும்புகிறார். 12 இலட்சம் ரூபாய் என விலை முடிகிறது. கையில் அவ்வளவு தொகை இல்லாத மூத்தவர், மனைவியின் நகைகளை விற்றுப் பணத்தைத் தருகிறார். "இனி இந்தத் தொழிலில் இறங்கமாட்டாயல்லவா?" என்று அவர் கேட்கும்போது, "உங்களுக்கு எதிராக நான் கடை போடுவேனா, மச்சான்?" என்று இளையவர் கூறுகிறார். தாளில் எதுவும் எழுதப்படவில்லை.

எட்டுத் திங்கள் கழிகின்றன. இளையவர் கைமுதல் கரைந்துவிட்டது. அதே தெருவில் நான்கு கடை தள்ளி அவர் ஒரு பாத்திரக் கடை திறக்கிறார். பலகையில் பழைய கடையின் பெயர் பெரிய எழுத்திலும், "முன்னாள் பங்குதாரர்" என்னும் சொற்கள் சிறிய எழுத்திலும் மின்னுகின்றன. திருமணச் சீர்வரிசைக்குப் பாத்திரம் வாங்க வருவோர் தாம் பழகிய முகத்தைத் தேடி அங்கே செல்கின்றனர். "என் பணத்தைக் கொண்டே எனக்கு எதிராகக் கடை வைத்துவிட்டான்" என்கிறார் மூத்தவர். "எனக்குத் தெரிந்த தொழில் இது ஒன்றே, என் பிள்ளைகளுக்கு எதைக்கொண்டு சோறிடுவேன்?" என்கிறார் இளையவர். தம்பிக்காகக் கழற்றிக் கொடுத்த நகைகளை எண்ணி இடையில் நின்று கண்ணீர் வடிப்பவர் அந்தச் சகோதரியே.

இருவர் கூற்றிலும் நியாயம் உண்டு. சட்டமும் இவ்விரு நியாயங்களையும் எடைபோட்டே தன் விதிகளை வகுத்திருக்கிறது. அவற்றைச் சற்று விரிவாகக் காண்போம்.

விற்கப்பட்டது எது?

மூத்தவர் 12 இலட்சம் கொடுத்து எதை வாங்கினார்? சரக்கில் பாதி, அலமாரி, தராசு ஆகியவற்றில் பாதி, வரவேண்டிய பாக்கியில் பாதி என்று கணக்கிட்டால் ஏழு இலட்சம் தேறலாம். எஞ்சிய ஐந்து இலட்சம் எதற்கு? அதுதான் வணிகர்கள் "குட்வில்" என்று வழங்கும் வணிக நற்பெயர். பழைய வாடிக்கையாளர் மீண்டும் அதே கடையை நாடி வருவார் என்னும் எதிர்பார்ப்பின் விலை அது. கண்ணால் காண இயலாத சொத்து, ஆயினும் சொத்தே. 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, கூட்டு நிறுவனத்தின் சொத்துகளுள் நற்பெயரையும் சேர்த்தே கூறுகிறது.

விற்றவரே மறுநாள் அந்த வாடிக்கையாளர்களைத் தம் புதிய கடைக்கு அழைத்துச் செல்வாராயின், அவர் விலை பெற்ற பொருளைத் தாமே திரும்ப எடுத்துக்கொண்டவர் ஆகிறார். விற்ற வீட்டின் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு இரவில் உள்ளே புகுவதைப் போன்றது இது. இதனைத் தடுக்கவே, "இன்ன எல்லைக்குள், இத்தனை காலம் இதே தொழிலைச் செய்யமாட்டேன்" என்று விற்பவர் எழுதிக் கொடுக்கும் போட்டித் தவிர்ப்பு உடன்படிக்கை தோன்றிற்று.

1872ஆம் ஆண்டின் சட்டம்

இவ்வுடன்படிக்கைகளைப் பொறுத்தவரை நம் நாட்டுச் சட்டம் மிகக் கண்டிப்பானது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, சட்டத்திற்கு உட்பட்ட எத்தொழிலையும் வணிகத்தையும் ஒருவர் செய்யவொட்டாமல் தடுக்கும் உடன்படிக்கை, அத்தடையின் அளவுக்குச் செல்லாது என்று விதிக்கிறது. ஒரு மனிதன் தன் பிழைப்பை எழுதிக் கொடுத்துவிட இயலாது என்பதே இதன் உட்பொருள்.

இப்பிரிவு எவ்வளவு கடுமையானது என்பதை 1874இல் கல்கத்தா உயர் நீதிமன்றம் முடிவு செய்த வழக்கொன்று காட்டும். ஒரே பகுதியில் பித்தளைப் பாத்திரத் தொழில் செய்த இரு தரப்பினரிடையே கடும் போட்டி நிலவியது. "நீர் கடையை மூடிவிட்டால், உம் தொழிலாளர்களுக்கு நீர் கொடுத்திருக்கும் முன்பணத்தை நாங்கள் உமக்குத் தந்துவிடுகிறோம்" என்று ஒரு தரப்பு வாக்களித்தது. மற்றவர் கடையை மூடினார், பணம் வரவில்லை. வழக்குத் தொடுத்தார். தலைமை நீதிபதி சர் ரிச்சர்டு கௌச், உடன்படிக்கையே செல்லாது என்று கூறி வழக்கைத் தள்ளிவிட்டார். தடை அப்பகுதிக்கு மட்டுமே உரியது என்ற வாதமும் எடுபடவில்லை. கடையை மூடியவருக்குப் பணமும் இல்லை.

இங்கிலாந்தில் நியாயமான தடைகள் ஏற்கப்படுகின்றன. நம் சட்டம் அந்த அளவுக்கு இடம் தரவில்லை. நியாயமான தடைகளை ஏற்கும் வகையில் 27ஆம் பிரிவைத் திருத்தலாம் என்று இந்தியச் சட்ட ஆணையம் 1958இல் தன் 13ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. அப்பரிந்துரை சட்டமாகவில்லை.

திறந்திருக்கும் வாயில்

ஆயினும் அப்பிரிவிலேயே ஒரு விதிவிலக்கு உண்டு. வணிக நற்பெயரை விற்பவர், குறிப்பிட்ட ஊர் எல்லைக்குள், வாங்கியவரோ அவர் வழி நற்பெயரைப் பெற்றவரோ அத்தொழிலை அங்கு நடத்தி வரும் காலமெல்லாம், அதே போன்ற தொழிலைச் செய்வதில்லை என்று உடன்படலாம். தொழிலின் தன்மையை நோக்கி, அவ்வெல்லை நியாயமானது என நீதிமன்றம் கருதவேண்டும் என்பதே கட்டுப்பாடு.

கூட்டாண்மைச் சட்டம் இன்னும் சிறிது வழிவிடுகிறது. 36ஆம் பிரிவின்படி, விலகும் பங்குதாரர் குறிப்பிட்ட காலத்திற்கோ குறிப்பிட்ட எல்லைக்குள்ளோ அதே போன்ற தொழிலைச் செய்வதில்லை என்று மற்றப் பங்குதாரர்களுக்கு எழுதிக் கொடுக்கலாம். 54ஆம் பிரிவு நிறுவனம் கலைக்கப்படும் வேளையிலும், 55ஆம் பிரிவு கலைத்தபின் நற்பெயர் விற்கப்படும் வேளையிலும் இத்தகைய உடன்படிக்கைக்கு இடம் தருகின்றன. தடை நியாயமானதாக இருப்பின், ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவு இவற்றுக்குக் குறுக்கே நிற்காது.

வேலை பார்த்துவிட்டு விலகியவரின் நிலையும் பங்கை விற்று விலகியவரின் நிலையும் ஒன்றல்ல என்பதை இங்கே நினைவிற்கொள்ள வேண்டும். ஒப்பந்தம் முடிந்தபின்னும் ஒருவரைக் கட்டிவைக்க முயலும் நிபந்தனை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2006இல் கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் வழக்கில் தீர்ப்பளித்தது. அவர் எவருக்கும் வணிகத்தை விற்றவர் அல்லர். நற்பெயரை விலைக்கு விற்றுப் பணம் பெற்றவர்மீது மட்டுமே இத்தடை நிலைக்கும்.

எழுதாமல் விட்டால்?

நம் எடுத்துக்காட்டில் எதுவும் எழுதப்படவில்லை. அப்படியாயின் மூத்தவருக்குப் பாதுகாப்பே இல்லையா? உண்டு, ஆனால் குறைவு. 36ஆம் பிரிவின்படி, மாறான ஒப்பந்தம் இல்லாத நிலையில், விலகியவர் போட்டித் தொழில் செய்யலாம்; அதை விளம்பரப்படுத்தவும் செய்யலாம். ஆனால் மூன்று செயல்கள் அவருக்கு ஆகா. பழைய நிறுவனத்தின் பெயரைப் பயன்படுத்தல் ஆகாது. அந்நிறுவனத்தின் தொழிலையே தாம் நடத்துவதுபோலக் காட்டிக்கொள்ளல் ஆகாது. தாம் விலகும்முன் அந்நிறுவனத்தோடு கொடுக்கல் வாங்கல் வைத்திருந்தோரைத் தேடிச் சென்று அழைத்தலும் ஆகாது.

எனவே பலகையில் பழைய பெயரைப் பெரிதாக எழுதிய இளையவர் அப்பெயரை நீக்க வேண்டியவரே. பழைய வாடிக்கையாளருக்குத் தொலைபேசியில் அழைப்பு விடுத்தால் அதையும் தடுக்கலாம். ஆனால் வாடிக்கையாளர் தாமாகவே அவரைத் தேடி வந்தால், "உமக்கு விற்கமாட்டேன்" என்று அவர் கூறவேண்டியதில்லை. நான்கு கடை தள்ளிக் கடை வைத்ததையும் தடுக்க இயலாது. அந்த ஒரு வரியை எழுதாமல் விட்டதன் விலை இது.

வாடிக்கையாளரைத் தேடி அழைப்பது பற்றி இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1896இல் தீர்ப்பளித்த டிரிகோ - ஹண்ட் வழக்கு புகழ்பெற்றது. கூட்டுக்காலம் முடிந்தபின் நற்பெயர் மற்றவருக்கே சேரும் என்ற நிபந்தனையின் கீழ் இருந்த ஒரு பங்குதாரர், அக்காலம் முடியுமுன்பே எழுத்தர் ஒருவரைக் கொண்டு வாடிக்கையாளர்களின் பெயர்களைப் படியெடுக்கச் செய்தார். பிரிந்தபின் அவர்களை அழைப்பதே நோக்கம். அவர் போட்டித் தொழில் செய்யலாம். ஆயினும் அந்த வாடிக்கையாளர்களைத் தேடிச் சென்று அழைத்தல் ஆகாது என்று சபை முடிவு செய்தது.

எல்லை எவ்வளவு?

எழுதுவோர் பலர் செய்யும் பிழை, மிகையாக எழுதுவது. "இந்தியா முழுவதும், வாழ்நாள் முழுவதும்" என்று எழுதிவிட்டால் வலிமை மிகும் என்று எண்ணுகின்றனர். நடப்பது அதற்கு நேர்மாறு. எல்லை எவ்வளவு விரிகிறதோ, அவ்வளவுக்கு அது நியாயமற்றதென ஒதுக்கப்படும் வாய்ப்பும் வளர்கிறது.

எது நியாயம் என்பது தொழிலைப் பொறுத்தது. சுவீடன் நாட்டைச் சேர்ந்த தார்ஸ்டன் நார்டன்ஃபெல்ட் துப்பாக்கி, வெடிபொருள் உற்பத்தி செய்தவர். தம் தொழிலை 2,87,500 பவுனுக்கு விற்றார். 25 ஆண்டுக் காலம் உலகில் எங்கும் அத்தொழிலில் ஈடுபடுவதில்லை என்றும் உடன்பட்டார். பின்னர் வேறொரு நிறுவனத்தோடு சேர்ந்தபோது வழக்கு எழுந்தது. 1894இல் பிரபுக்கள் சபை அத்தடை செல்லும் என்றது. அவர் பொருளை வாங்குவோர் உலக நாடுகளின் அரசாங்கங்கள். அத்தொழிலுக்குச் சந்தை உலகமே ஆதலால், எல்லையும் உலக அளவில் இருப்பது நியாயமாயிற்று. ஆனால் அதே ஒப்பந்தத்தில், அந்நிறுவனம் நடத்தும் எந்தத் தொழிலோடும் எவ்வகையிலும் போட்டியிடுவதில்லை என்று எழுதியிருந்த பகுதியை மேல்முறையீட்டு நீதிமன்றம் ஏற்கவில்லை. அதனை மட்டும் வெட்டி எறிந்தது.

பீரங்கி விற்பவருக்கு உலகம் எல்லை. பாத்திரக் கடைக்கு அந்த ஊர்க் கடைத்தெரு, மிகுந்தால் அவ்வட்டம் எல்லையாகலாம். வாடிக்கையாளர் எங்கிருந்து வருகின்றனர் என்பதே அளவுகோல்.

மற்றொரு நெறியும் உண்டு. வாங்கிய தொழிலைக் காக்கவே தடை. வாங்கியவர் ஏற்கெனவே நடத்திவரும் பிற தொழில்களைக் காக்க அன்று. 1921இல் இங்கிலாந்தில் தீர்ப்பான வழக்கொன்றில், ஷெல்ஃப் என்பவர் சாலை வலுவூட்டும் பொருள் விற்கும் தம் சிறு தொழிலைப் பெரிய நிறுவனம் ஒன்றுக்கு விற்றார். அந்நிறுவனம் தன் பெருந்தொழிலையும் காக்கும் வகையில் நாடு முழுவதற்கும் தடை எழுதி வாங்கியிருந்தது. நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. 2022இல் அமெரிக்காவின் டெலவேர் மாநில நீதிமன்றமும் கட்டடப் பொருள் நிறுவனம் ஒன்றின் வழக்கில் இதே கருத்தை ஒட்டி, வாங்கியவரின் பிற தொழில்களையும் காக்க முயன்ற தடையை நிறைவேற்ற மறுத்தது. நூறாண்டு கடந்தும் நெறி மாறவில்லை.

குடும்பத்தார் ஊர் எல்லை பிரித்துக்கொண்டபின்னும் வழக்கு நீளலாம் என்பதற்கு ஹல்திராம் குடும்பம் சான்று. 1974இல் அவர்களது கூட்டு நிறுவனம் கலைக்கப்பட்டபோது, அப்பெயரைப் பயன்படுத்தும் உரிமை மேற்கு வங்காளத்திற்கு ஒரு கிளைக்கும், நாட்டின் பிற பகுதிகளுக்கு மற்றொரு கிளைக்கும் எனப் பிரிக்கப்பட்டது. பின்னர் தில்லியில் அப்பெயரோடு கடை திறக்கப்பட்டதை ஒட்டி 1990களில் எழுந்த வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்றது. நிறுவனம் பதிவு செய்யப்படாமையால் வழக்கே தொடுக்க முடியாது என்ற எதிர்வாதத்தை 2000ஆம் ஆண்டில் அந்நீதிமன்றம் ஏற்கவில்லை. வழக்குத் தொடர்ந்து நடக்கலாம் என்றது. ஆயினும் நிறுவனத்தைப் பதிவு செய்வதே அறிவுடைமை. பதிவு செய்யப்படாத நிறுவனம், தன் ஒப்பந்தத்திலிருந்து எழும் உரிமைக்காக வழக்காடுவதைக் கூட்டாண்மைச் சட்டத்தின் 69ஆம் பிரிவு பெரும்பாலும் தடுக்கிறது.

கம்பெனிப் பங்குகளை விற்றால்?

தனியார் கம்பெனியின் பங்குகளை விற்பவர் நிலை சற்று வேறு. அங்கே கூட்டாண்மைச் சட்டம் பொருந்தாது. 27ஆம் பிரிவின் விதிவிலக்கு ஒன்றே துணை. அவ்விதிவிலக்கோ நற்பெயரை விற்பவரைப் பற்றியே பேசுகிறது. கம்பெனியின் நற்பெயர் கம்பெனிக்கே உரியது. பங்குதாரர் விற்பது பங்குகளை. ஆகவே நூற்றில் ஐந்து பங்கு வைத்திருந்து விற்றவரைத் தடுக்க முயன்றால், "நான் எந்த நற்பெயரை விற்றேன்?" என்று அவர் கேட்கக்கூடும். பெரும்பங்கையும் நிர்வாகத்தையும் ஒப்படைத்துவிட்டு, விலையில் நற்பெயருக்கும் பணம் பெற்றவரைத் தடுப்பது அவ்வளவு கடினமன்று. எனவே விற்பனை ஒப்பந்தத்தில் நற்பெயர் கைமாறுகிறது என்பதும், அதற்கென விலை தரப்படுகிறது என்பதும் வெளிப்படையாக இடம்பெற வேண்டும்.

எழுதவேண்டுவன

வழக்கறிஞரிடம் செல்லும்முன் இரு தரப்பாரும் பேசி முடிவு செய்யவேண்டியவற்றைச் சுருக்கிக் கூறுவோம்.

எத்தொழில் என்பதைத் துல்லியமாக எழுதவேண்டும். "வியாபாரம்" என்று பொதுப்பட எழுதாமல், "பாத்திரச் சில்லறை விற்பனை" என்று குறிப்பிட வேண்டும். எந்த எல்லை, எத்தனை ஆண்டு என்பவற்றைப் பெயரும் எண்ணுமாகக் குறிப்பிட வேண்டும். விலையில் நற்பெயருக்கு உரிய தொகையைத் தனியே காட்ட வேண்டும். கடையின் பெயர், பலகை, தொலைபேசி எண் ஆகியவை எவருக்கு என்பதை முடிவு செய்ய வேண்டும். வாடிக்கையாளரைத் தேடி அழைக்காமை, வேலையாட்களை இழுத்துக்கொள்ளாமை ஆகியவற்றுக்குத் தனித்தனி வரிகள் இருக்கட்டும். ஒன்று விழுந்தாலும் மற்றது நிற்கும்.

போட்டியிடாமைக்கென்றே தனித் தொகை பேசினால் வரிக் கணக்கையும் எண்ணவேண்டும். 2002ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்தின் வழியாக, அத்தகைய தொகை 2003-04 மதிப்பீட்டு ஆண்டு முதல் வணிக வருமானமாக வரிக்கு உட்படுத்தப்பட்டது. தணிக்கையாளரைக் கேட்டபின் கையெழுத்திடுவது நலம்.

விலகுபவர் மறவாமல் செய்யவேண்டியது ஒன்றுண்டு. தாம் விலகிய செய்தியை முறைப்படி பொது அறிவிப்பாக வெளியிட வேண்டும். இல்லையேல் பழைய நிறுவனம் பின்னர் வாங்கும் கடனுக்கும் வெளியார் அவரையே பிடிக்கக்கூடும்.

மகன் பெயரில் கடை

"நான் கடை வைக்கவில்லை, என் மகன் வைத்திருக்கிறான்" என்னும் விடை நாம் அடிக்கடி கேட்பதே. தந்தை இட்ட கையெழுத்து மகனைக் கட்டாது. மகன் தன் முதலைப் போட்டுத் தானே நடத்துவானாகில் அவனைத் தடுக்க இயலாது. ஆனால் பெயர் மட்டும் மகனுடையதாகவும், முதலும் முயற்சியும் தந்தையுடையதாகவும் இருந்தால் நீதிமன்றம் திரையை விலக்கிப் பார்க்கும். 1933இல் இங்கிலாந்தில் தீர்ப்பான வழக்கொன்றில், கில்ஃபோர்டு மோட்டார் நிறுவனத்தின் முன்னாள் நிர்வாக இயக்குநர் ஹார்ன், பழைய வாடிக்கையாளரை அழைப்பதில்லை என்ற உடன்படிக்கையிலிருந்து தப்ப, மனைவியை முன்னிறுத்தி ஒரு கம்பெனி அமைத்தார். அது வெறும் திரை என்று கண்ட நீதிமன்றம், அவருக்கும் அக்கம்பெனிக்கும் சேர்த்தே தடையாணை பிறப்பித்தது.

வாக்கு மீறப்பட்டால்

மீறப்பட்டது தெரிந்தவுடன் காலம் தாழ்த்தாமல் சான்றுகளைத் திரட்ட வேண்டும். புதிய கடையின் பலகைப் படம், அங்கு வாங்கிய ரசீது, வாடிக்கையாளருக்கு வந்த அழைப்பு ஆகியவை உதவும். அடுத்து வழக்கறிஞர் வழியாக அறிவிப்பு. ஓராண்டு வாளா இருந்துவிட்டுப் பின் ஓடிச்சென்றால், "இவ்வளவு நாள் பொறுத்தவருக்கு இப்போது என்ன அவசரம்?" என்ற கேள்வி எழும்.

உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 39ஆம் கட்டளைப்படி இடைக்காலத் தடையாணை கேட்கலாம். வழக்கில் முதல் நோக்கிலேயே உண்மை தெரிகிறதா, தடை விதித்தால் எவருக்குத் துன்பம் மிகுதி, பணத்தால் ஈடுசெய்ய இயலாத இழப்பு உண்டா என்னும் மூன்றையும் நீதிமன்றம் பார்க்கும். தடையாணையை மீறுவோரின் சொத்தைப் பற்றுகை செய்யலாம். மூன்று திங்கள் வரை உரிமையியல் சிறையிலும் வைக்கலாம்.

"மீறினால் பத்து இலட்சம் தருவேன்" என்று எழுதியிருந்தால் முழுத் தொகையும் கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவின்படி, அத்தொகைக்கு மேற்படாமல் நியாயமான ஈட்டையே நீதிமன்றம் வழங்கும்.

வாங்கியவர் கூர்ந்து நோக்கவேண்டிய விதி ஒன்று 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டத்தின் 42ஆம் பிரிவில் உள்ளது. தம் பங்குக்குச் செய்யவேண்டியதைச் செய்யாதவர், மற்றவர் வாக்கைக் காக்குமாறு அப்பிரிவின்கீழ் தடையாணை பெற இயலாது. கடைசித் தவணையை இழுத்தடித்துக்கொண்டே, "அவர் கடை வைத்துவிட்டார்" என்று முறையிடுபவருக்கு அவ்வாயில் அடைபடும். கணக்கை முடிக்காமலே விலகியவரின் சொத்தைக் கொண்டு தொழிலைத் தொடர்ந்தால், மாறான ஒப்பந்தம் இல்லாத நிலையில், அச்சொத்தால் விளைந்த இலாபப் பங்கையோ ஆண்டுக்கு நூற்றுக்கு ஆறு வீத வட்டியையோ கேட்கும் உரிமையைக் கூட்டாண்மைச் சட்டத்தின் 37ஆம் பிரிவு விலகியவருக்குத் தருகிறது. வட்டியை விரும்பாதவர் இலாபப் பங்கைத் தேர்ந்துகொள்ளலாம்.

ஜமாஅத்தார் முன்னிலையில்

நம்மிடையே இத்தகைய பிணக்குகள் பெரும்பாலும் முதலில் ஜமாஅத்தார் முன்னிலைக்கே வருகின்றன. அது நல்ல வழக்கம். ஆயினும் அம்முடிவு பின்னர் நிற்கவேண்டுமாயின், இரு தரப்பாரும் இன்னாரை நடுவராக ஏற்கிறோம் என்று எழுத்தில் உடன்பட வேண்டும். 1996ஆம் ஆண்டின் நடுவர் தீர்ப்பு மற்றும் சமரசச் சட்டம் அதனை வலியுறுத்துகிறது. அவ்வாறு எழுதி, இரு தரப்பையும் கேட்டு, முறைப்படி வழங்கிய தீர்ப்பை நீதிமன்ற ஆணையைப் போலவே நிறைவேற்றலாம். வாய்மொழியாகச் சொன்ன முடிவு, ஏற்பவரின் மனச்சான்றை மட்டுமே நம்பி நிற்கும்.

மார்க்க அடிப்படையில் நோக்கினும் இதன் முதன்மை விளங்கும். திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைப்பது பற்றியதே என்பதை நாம் அறிவோம். அல்மாயிதா அத்தியாயத்தின் முதல் வசனமே ஒப்பந்தங்களை நிறைவேற்றப் பணிக்கிறது. வணிகப் பெயர், வணிகச் சின்னம் ஆகியவை பணமதிப்புள்ள உரிமைகள் என்பதையும், அவற்றில் அத்துமீறல் ஆகாது என்பதையும் பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 1988 டிசம்பரில் குவைத்தில் கூடியபோது தீர்மானமாக ஏற்றது. எனவே குட்வில் என்பது வெறும் காற்று, அதை விற்றபின்னும் எடுத்துக்கொண்டால் என்ன என்று எவரும் வாதிடுவதற்கில்லை.

வாங்குபவருக்கும் ஒரு சொல். விற்பவர் 45 வயதைக் கடந்தவராக இருக்கலாம். வேறு தொழில் அறியாதவராக இருக்கலாம். அவர் கையில் கொடுக்கும் தொகை எத்தனை ஆண்டுக்கு அவர் குடும்பத்தைத் தாங்கும் என்று எண்ணிப் பார்த்து, அத்தனை ஆண்டுக்கே தடையைப் பேசுங்கள். அடுத்த ஊரில் கடை வைக்க இடம் விடுங்கள். சில்லறை ஆகாது என்றால் மொத்த வியாபாரத்துக்கு வழிவிடுங்கள். பசித்த வயிற்றோடு ஒருவர் எத்தனை நாள் வாக்கைக் காப்பார்? நியாயமான தடையே நீதிமன்றத்திலும் நிற்கும், உறவிலும் நிற்கும்.

கூட்டு வணிகம் நடத்தும் வாசகர்கள் இவ்விதழை மூடிவைத்தவுடன் தம் பழைய கூட்டாண்மைப் பத்திரத்தை எடுத்துப் பார்க்கட்டும். பிரிவது பற்றியும் நற்பெயர் பற்றியும் அதில் ஒரு வரியேனும் இருக்கிறதா என்று தேடட்டும். இல்லையேல், பிணக்கு ஏதும் தோன்றாத இந்நாளிலேயே, இருவரும் முகம் பார்த்துப் பேசக்கூடிய இவ்வேளையிலேயே, அமர்ந்து எழுதிக்கொள்வார்களாக!